வெடிமருந்து வந்த வழி – 12: பின்வழித் துப்பாக்கியும் பூட்டிய தோட்டாவும்

1760 ஜனவரி நடுவில் உத்திரமேரூரில் ஓர் ஆங்கிலப் படை முகாமிட்டிருந்தது. தளபதி அயர் கூட். தெற்கே ஒரு பகல் நடைத் தூரத்தில் வந்தவாசிக் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டிருந்தார். லாலியின் பீரங்கிகள் கோட்டைச் சுவரை உடைக்கும் வேலையில் முழுதாக இறங்கும்வரை கூட் இங்கேயே காத்திருந்தார். முற்றுகையில் கை மாட்டிக்கொண்ட எதிரியை அடிப்பது எளிது என்பது அவர் கணக்கு. கணக்குப் பலித்தது. ஜனவரி 22ஆம் தேதி வந்தவாசிப் போர் முடிந்தபோது இன்னொரு பிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸி பிடிபட்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்தது. தென்னிந்தியா யாருக்கு என்ற கேள்விக்கு விடை எழுதிய படை, அந்த விடையை எழுதுவதற்கு முன் தங்கிய ஊர் நம்முடையது. பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை.

அந்தப் படையின் சிப்பாய் தோளில் கிடந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. முக்கால் அங்குல வாய், நாலரை கிலோ எடை. அதைச் சுட வேண்டுமானால் முதலில் காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். சிட்டிகை மருந்தைச் சக்கிமுக்கிக்குக் கீழே உள்ள கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மிச்ச மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ளி, நீண்ட கம்பியால் கிட்டிக்க வேண்டும். கம்பியை உருவி அதன் இடத்தில் செருகிய பிறகுதான், சுத்திபோல் அடிக்கும் ‘குதிரை’யை இழுத்துச் சுட முடியும். நன்றாகப் பழகியவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். இத்தனையையும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். படுத்துக்கொண்டு அவ்வளவு நீளக் குழலுக்குள் கம்பியை இறக்குவது பெரும்பாடு.

இது காலாள் படைக்காரனின் பாடு. குதிரைவீரனின் பாடு இதைவிடப் பெரிது. கடிவாளம் ஒரு கையில், துப்பாக்கி மறு கையில். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால் குதிரைப்படைக்கென்று குழலைக் குறுக்கிய குட்டைத் துப்பாக்கியைச் செய்தார்கள். அதற்குப் பெயர் கார்பைன். கிட்டிக்கும் கம்பி கைநழுவி விழுந்துவிட்டால் துப்பாக்கி வெறும் தடிதான் என்பதால், கம்பியைக் குழல்வாயோடு ஒரு கீலில் பிணைத்துவைத்தார்கள். அப்படியும் குதிரை துள்ளி ஓடும்போது கிட்டித்த குண்டு தளர்ந்து குழலிலிருந்து நழுவும். கர்நாடகப் போர்கள் தொடங்கிச் சுமார் நூறு ஆண்டு, குதிரைவீரன் நம்பியது வாளைத்தான். சேணத்தில் தொங்கிய கார்பைன், காவலுக்கு நிற்கும்போது சத்தம் எழுப்பப் பயன்பட்டதுதான் அதிகம்.

இந்தக் குட்டைத் துப்பாக்கி எப்படிப் பின்வழியில் தோட்டா போடும் கருவியாக மாறியது, அந்த மாற்றம் நம் ஊர்ப்புறத்தில் யார் கையைக் கட்டியது என்பதே இந்த வாரக் கதை. அதற்கு முதலில் ஸ்ரீபெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் போக வேண்டும்.

1857 ஆகஸ்ட். வடக்கே டெல்லி இன்னும் கிளர்ச்சிப் படையின் கையில் இருந்தது. பெங்களூரிலிருந்து 8ஆம் சென்னைக் குதிரைப்படையைக் கிளப்பி, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி வங்காளத்துக்கு அனுப்ப உத்தரவாயிற்று. ரெஜிமெண்ட் புறப்பட்டு வந்தது. சென்னைக்கு இன்னும் சுமார் 25 மைல் இருக்கையில், ஸ்ரீபெரும்புதூரில் நின்றுவிட்டது. 1837க்கு முன்னால் இருந்த சம்பளம், படி, ஓய்வூதிய விகிதங்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் நகர்வோம் என்றார்கள் வீரர்கள். அதிகாரி சென்னைக்கு ஓடினார். நெருக்கடி நேரம், அரசாங்கம் இறங்கிவந்தது, கேட்டதைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. ரெஜிமெண்ட் மறுபடி நடந்தது. பூந்தமல்லியில் மறுபடி நின்றது. இம்முறை சம்பளப் பேச்சு இல்லை. சொந்த நாட்டு மக்களுக்கு எதிராகப் போரிடப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பீரங்கிகள் கொண்டுவரப்பட்டன. அந்தப் பீரங்கி முனையில் வீரர்கள் குதிரையிலிருந்து இறக்கப்பட்டார்கள், ஆயுதங்கள் வாங்கப்பட்டன. குதிரைகள் மட்டும் கப்பலேறிக் கல்கத்தாவுக்குப் போயின. மனிதர்களை ஆற்காட்டுக்கு அனுப்பினார்கள். ரெஜிமெண்டின் பெயர் படைப்பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

1857இல் சென்னை ராணுவம் அசையவே இல்லை என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து மேடைப்பேச்சு வரை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்த இந்த மறுப்பை அந்தப் பேச்சு விழுங்கிவிடுகிறது. துப்பாக்கி சுடப்படவில்லை, ரத்தம் சிந்தவில்லை என்பதால் இது சிறிய செய்தி ஆகிவிடாது. கேட்ட சம்பளத்தைத் தர அரசாங்கம் ஒப்புக்கொண்ட பிறகும் போக மறுத்தவர்கள் அவர்கள். வேலூர்ப் புரட்சிக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்காவது இவர்களுக்கும் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆங்கிலேயர் இதை மறக்கவில்லை. 1860இல் சென்னைக் குதிரைப்படையின் 5, 6, 7ஆம் ரெஜிமெண்டுகளும் கலைக்கப்பட்டன. எட்டாக இருந்தது நாலாயிற்று. மலைப் பீரங்கி அணிகள் சிலவற்றைத் தவிர, பீரங்கிப்படை முழுவதும் வெள்ளைக்காரர் கைக்கு மாறியது. ஆயுத விஷயத்தில் எழுதாத விதியாக ஒரு வழக்கம் நிலைத்தது. புதிய துப்பாக்கி வந்தால் முதலில் வெள்ளைப் படைக்கு. அவர்கள் கழித்துப்போட்டது இந்தியச் சிப்பாய்க்கு. சிப்பாய் எப்போதும் ஒரு படி பின்னால் நிற்க வேண்டும். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளின் துப்பாக்கி வரலாற்றை இந்த ஒரு விதியை வைத்தே படித்துவிடலாம்.

சரி, கருவிக்கு வருவோம்.

குழலைப் பின்பக்கம் திறந்து அங்கே குண்டையும் மருந்தையும் வைத்தால் வேலை எளிது என்பது பழைய யோசனைதான். தடையாக இருந்தது புகை. மருந்து வெடிக்கும்போது எழும் சூடான வாயு, பின்கதவின் இடுக்கு வழியாகச் சுடுபவன் முகத்திலேயே பீறிடும். அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் ஒரு வழி கண்டார். நெம்புகோலைக் கீழே தள்ளினால் இரும்புக் கட்டை ஒன்று சறுக்கி இறங்கிக் குழலின் பின்பக்கம் திறக்கும். தோட்டாவை வைத்து நெம்புகோலை உயர்த்தினால், கட்டையின் கூர்விளிம்பு தோட்டாவின் பின்காகிதத்தை அரிந்துவிட்டு மூடிக்கொள்ளும். பல்லுக்கு வேலை இல்லை. பிரிட்டிஷ் அரசு 1850களின் நடுவில் ஷார்ப்ஸ் கார்பைன்கள் 6,000 வாங்கியது. அவற்றில் ஒரு பகுதி 1857 கிளர்ச்சியை அடக்க வந்த பிரிட்டிஷ் குதிரைப்படையோடு இந்தியாவுக்கு வந்தது. இந்த மண்ணில் வேலை பார்த்த முதல் பின்வழி ராணுவக் கார்பைன்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் வாயுக் கசிவு முழுதாகத் தீரவில்லை.

1866 ஜூலை 3ஆம் தேதி ஐரோப்பாவில் சடோவா என்ற இடத்தில் பிரஷ்யப் படை ஆஸ்திரியப் படையை முறித்தது. பிரஷ்யர்கள் கையில் பின்வழியில் தோட்டா போடும் ஊசித்துப்பாக்கி. படுத்தபடியே தோட்டா போட்டுச் சுட்டார்கள். ஆஸ்திரியர்கள் நின்றபடி கம்பியால் கிட்டித்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் ஒவ்வொரு போர் அமைச்சகத்துக்கும் அன்று தூக்கம் போயிற்று.

லண்டனில் இதற்கான பரிசோதனை இரண்டு ஆண்டு முன்பே தொடங்கியிருந்தது. கிடங்குகளில் லட்சக்கணக்கில் என்ஃபீல்டு வாய்வழித் துப்பாக்கிகள் கிடந்தன. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை, பணமும் இல்லை. பிலடெல்பியாக்காரரான ஜேக்கப் ஸ்னைடர் கொடுத்த தீர்வு அந்தக் கஞ்சத்தனத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பழைய குழலின் பின்முனையில் இரண்டரை அங்குலம் போல வெட்டிவிட்டு, அங்கே ஒரு புதிய இரும்புக் கூடு திருகப்பட்டது. கூட்டின் வலப்பக்கம் கீல் வைத்த கதவு. குதிரையைப் பாதி இழுத்துவைத்து, கட்டைவிரலால் கதவை வலப்பக்கம் தூக்க வேண்டும். கதவைச் சற்றுப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு பாதி வெளியே வரும். துப்பாக்கியை ஒரு புரட்டுப் புரட்டினால் கூடு கீழே விழும். புதுத் தோட்டாவை வைத்துக் கதவை மூடி, குதிரையை முழுதாக இழுத்துச் சுடலாம். நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டவன் பத்து முறை சுட்டான். ஸ்னைடரின் முறை ஏற்கப்பட்ட 1866ஆம் ஆண்டு அக்டோபரிலேயே அவர் வறுமையில் இறந்துபோனார். அவர் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் அதற்குப் பிறகுதான் உலகம் சுற்றக் கிளம்பின.

நீளத் துப்பாக்கிக்குச் செய்த அதே மாற்றத்தைக் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கும் செய்தார்கள். குழல் சுமார் 19 அங்குலம், எடை மூன்று கிலோ, வாய் அதே 14.7 மில்லிமீட்டர். கிட்டிக்கும் கம்பி போயிற்று, கீல் போயிற்று, நழுவும் குண்டு போயிற்று. குதிரை மேல் அமர்ந்தபடி ஒருவன் தோட்டா மாற்றிச் சுட முடிந்தது. நூறு ஆண்டு தொந்தரவு ஒரு சின்னக் கதவில் தீர்ந்தது.

உண்மையில் தீர்த்தது கதவு மட்டும் இல்லை, தோட்டாவும்தான். வுல்விச் தொழிற்கூடத்தில் கர்னல் எட்வர்டு பாக்ஸர் உருவாக்கிய தோட்டா அது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிய கூடு, இரும்பு அடித்தட்டு, அதன் நடுவே தட்டினால் பொறி தரும் கேப்பு. உள்ளே அளந்த மருந்து, வாயில் ஈயக்குண்டு. வெடிக்கும்போது பித்தளை விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் புகை கசிய வழியே இல்லை. வெடித்து முடிந்ததும் சற்றே சுருங்கி இழுத்தால் வந்துவிடும். மருந்து, குண்டு, பொறி மூன்றும் ஒரே பொருளாயின.

பல்லால் கடிக்கும் வேலை இதோடு ஒழிந்தது. கொழுப்புத் தடவிய காகிதத்தைக் கடிக்கச் சொன்னார்கள் என்றுதானே 1857இல் வட இந்தியா பற்றி எரிந்தது? பத்து ஆண்டுக்குள் வந்த புதிய தோட்டாவில் அந்தக் காகிதமே இல்லை. ஆனால் அதே பித்தளைக் கூடு வேறொரு வாசலைச் சாத்தியது. அந்த வாசலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

பழைய துப்பாக்கிக்கு என்ன வேண்டும்? வெடியுப்பு, கந்தகம், கரி, ஈயம். கந்தகத்தையும் ஈயத்தையும் தவிர மற்றவை ஊரிலேயே கிடைக்கும். மண்சுவர் அடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் பூக்கும் உப்பைக் காய்ச்சி வெடியுப்பு எடுக்கத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். திருவிழா வாணம் செய்பவர் நினைத்தால் துப்பாக்கி மருந்தும் செய்வார். கொல்லர் நினைத்தால் குழல் அடிப்பார், உடைந்த குதிரையை மாற்றுவார். பாளையக்காரர்கள் பாஞ்சாலங்குறிச்சியிலும் காளையார்கோயிலிலும் கும்பினிப் படையை ஆண்டுக்கணக்கில் தடுத்து நின்றதற்கு இந்த ஊர்த்தொழில் ஒரு பெரிய காரணம். கும்பினிக்கு அது நன்றாகத் தெரியும். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரத்திலேயே, 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடம் இருந்த ஆயுதங்களைப் பறிக்கவும் வகை செய்தது. பறித்தார்கள். ஆனால் அறிவைப் பறிக்க முடியாது. வெடியுப்பு காய்ச்சத் தெரிந்த கை இருக்கும்வரை வாய்வழித் துப்பாக்கிக்கு இரை உண்டு.

பித்தளைத் தோட்டா வந்ததும் அந்தக் கையின் பலம் போயிற்று. சுருட்டிய தகடும் கேப்பும் இயந்திரம் வைத்த தொழிற்சாலையில்தான் பிறக்கும். வுல்விச்சிலும், பிறகு கல்கத்தா அருகே டம்டமிலும் செய்து, எண்ணி, பெட்டியில் அடைத்து, முத்திரை வைத்து அனுப்புவார்கள். துப்பாக்கியை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினாலும், கையிலுள்ள தோட்டா தீர்ந்த அன்று அது குட்டையான இரும்புத் தடி. இனி துப்பாக்கியைக் காவல் காப்பதைவிடத் தோட்டாவைக் காவல் காத்தால் போதும். பின்வழித் துப்பாக்கி வேகமாகச் சுடும் என்பதை எல்லா நூல்களும் எழுதுகின்றன. ஊர்க்கொல்லனுக்கும் வாணக்காரருக்கும் போர்க்கலையில் இருந்த இடத்தை அது காலிசெய்தது என்பதை எழுதியவர்கள் குறைவு. ஆதிக்கத்தின் கணக்கில் எனக்கு இரண்டாவதுதான் பெரியதாகப் படுகிறது.

ஸ்னைடரின் முதல் பெரிய போர் 1868இல் அபிசீனியாவில் நடந்தது. சென்னை சாப்பர்ஸ் படைப்பிரிவும் அங்கே போயிருந்தது. இன்றும் ராணுவத்தில் தம்பிகள் என்று அன்போடு அழைக்கப்படும் அதே பிரிவு. ஏப்ரல் 10ஆம் தேதி ஆரோகி சமவெளியில் தெவோட்ரோஸ் மன்னனின் வீரர்கள் மலையிலிருந்து பாய்ந்து இறங்கினார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் காயத்தால் இறந்தவர்கள் இருவர். அன்று ஸ்னைடர் இருந்தது வெள்ளைப் படையின் கையில். பக்கத்திலேயே நின்ற பஞ்சாப் பயனியர்கள் வாய்வழித் துப்பாக்கியோடும் பயனெட்டோடும் சண்டையிட்டார்கள்.

ஒரு படி பின்னால் என்ற விதி இங்கே வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. 1870களில்தான் ஸ்னைடர் இந்தியப் படைகளுக்குப் பரவலாக வந்தது. அதற்குள் வெள்ளைப் படைக்கு மார்ட்டினி–ஹென்றி வந்துவிட்டது. 1880 ஜூலை 27ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் மைவாந்தில் ஒரே படை வரிசையில் நின்ற 66ஆம் பிரிட்டிஷ் ரெஜிமெண்டிடம் மார்ட்டினி. பம்பாய் கிரனேடியர்களிடமும் ஜேக்கப் ரைபிள்ஸிடமும் ஸ்னைடர். அந்த வெயிலில், அந்தத் தூசியில், எதிரில் வந்தவர்கள் இரண்டு தரப்பையும் வேறுபாடு பார்த்துத் தாக்கவில்லை. இந்தியச் சிப்பாய்க்கு மார்ட்டினி வந்துசேர 1880களின் பின்பாதி ஆயிற்று. அந்தச் சமயத்தில் வெள்ளைப் படை எட்டுத் தோட்டா அடங்கும் லீ–மெட்ஃபோர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மார்ட்டினி கார்பைனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் பீபாடியின் யோசனையை சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த மார்ட்டினி மெருகேற்றினார். எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி குழலின் உட்பள்ளங்களை வடிவமைத்தார். நீளத் துப்பாக்கி 1871இல் வந்தது, குதிரைப்படைக் கார்பைன் 1877இல். வெளியே அடிக்கும் ‘குதிரை’யே கிடையாது. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலைத் தள்ளினால் உள்கட்டை தாழும், பழைய கூடு தானே வெளியே தெறிக்கும், உள்ளே அடிக்கும் ஊசியும் தயாராகும். தோட்டாவை வைத்து நெம்புகோலை மூடினால் சுடலாம். ஸ்னைடரின் புரட்டு வேலை கிடையாது.

அதன் உதைதான் பேர்போனது. நீளத் துப்பாக்கித் தோட்டாவில் ஐந்தரை கிராம் மருந்தும் 31 கிராம் குண்டும். எடை குறைந்த குட்டைத் துப்பாக்கியில் அதைப் போட்டுச் சுட்டால் தோள் வீங்கிவிடும். அதனால் கார்பைனுக்கென்று நாலரை கிராம் மருந்தும் 26 கிராம் குண்டும் கொண்ட தனித் தோட்டா செய்தார்கள். சுருட்டிய பித்தளைக் கூடு சூட்டில் குழலுக்குள் ஒட்டிக்கொண்டு அடித்தட்டு மட்டும் பிய்ந்துவரும் கோளாறு, சூடானிலும் ஆப்கானிஸ்தானிலும் பல உயிர்களைக் குடித்தது. பிறகுதான் ஒரே தகட்டை இழுத்து உருவாக்கிய முழுக்கூடு வந்தது.

இதே ஆண்டுகளில் ஊருக்குள் சட்டம் வந்தது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமாக இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து எதையும் வைத்திருப்பது குற்றம். ஐரோப்பியர்களுக்கும் வேறு சில வகையினருக்கும் விலக்கு. இந்திய உழவன் வயலில் பன்றி விரட்டும் துப்பாக்கிக்குக் கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்க, வெள்ளைக்கார வியாபாரி எதையும் தோளில் போட்டு நடக்கலாம். 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம்விளக்கில் மக்கீஸ் தோட்டத்தில், பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. இன்றைய வாசகர்களுக்கு அது வியப்பாக இருக்கலாம். அன்றைக்கு ஆயுதச் சட்டம் என்பது மானப் பிரச்சினை.

துப்பாக்கியை ஊருக்குள் வரவிடாமல் தடுக்க நம் பக்கத்து மக்கள் தாமாகவே கேட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டதைப் பொறுக்காமல் ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் கவுல் என்ற உத்தரவுச் சீட்டை வாங்கினார்கள். பறவை எச்சத்தால் உரமேறிய ஏரித்தண்ணீரின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயுதத்தை யார் ஏந்தலாம், எங்கே ஏந்தக்கூடாது என்பதை ஊர் தீர்மானித்தது என்பதற்கு அது சான்று. 1878இல் அந்தத் தீர்மானம் முழுவதுமாகக் கச்சேரிக்குப் போய்விட்டது.

ராணுவம் கழித்துப்போட்ட ஸ்னைடரும் மார்ட்டினியும் பிறகு எங்கே போயின? ஒரு பகுதி சமஸ்தானங்களுக்கு, ஒரு பகுதி நேபாளத்துக்கு. காத்மாண்டு லகன் சிலேகானா அரண்மனைக் கிடங்கில் நூறாண்டுக்கு மேல் குவிந்துகிடந்த இத்தகைய துப்பாக்கிகளை 2003இல் வெளிநாட்டு வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப்போனார்கள். இன்னொரு பெரும்பகுதி போலீஸுக்கு வந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருவான சென்னை மாகாணப் போலீஸ் மாவட்டந்தோறும் ஆயுதமேந்திய ஆட்களை வைத்திருந்தது. போலீஸுக்குப் போகும் ஸ்னைடர்களின் உட்பள்ளங்களைக் கடைந்தெடுத்து, குழலை வழவழப்பாக்கிக் கொடுப்பது வழக்கமாயிற்று. பள்ளம் இல்லாத குழலில் குண்டு நேராக வெகுதூரம் போகாது. அருகில் நிற்கும் கூட்டத்தின் மீது ரவை தெளிக்க அது போதும். அந்தத் துப்பாக்கியின் எதிரி யார் என்று அரசாங்கம் நினைத்தது என்பதை அந்தக் கடைசல் வேலையே காட்டிக்கொடுக்கிறது. குதிரைவீரனுக்காகப் பிறந்த குட்டைத் துப்பாக்கி, சந்தையிலும் கச்சேரி வாசலிலும் மக்களைப் பார்த்து நிற்கும் துப்பாக்கியாக மாறியது இப்படித்தான்.

தோட்டாவைப் பூட்டிவைத்தால் போதும் என்ற கணக்கு எவ்வளவு சரியானது என்பதை, அதே சென்னை மாகாணத்தின் வடகோடியில் ஒருவர் சோதித்துப் பார்த்தார். அல்லூரி சீதாராம ராஜு 1922 ஆகஸ்ட் 22இல் சிந்தப்பள்ளி, 23இல் கிருஷ்ணதேவிபேட்டை, 24இல் ராஜவொம்மங்கி என்று மூன்று நாளில் மூன்று காவல் நிலையங்களைத் தாக்கினார். 26 துப்பாக்கிகளும் 2,500க்கு மேற்பட்ட தோட்டாக்களும் கிடைத்தன. எடுத்ததற்கு நிலையத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மலை மக்களிடம் வில் இருந்தது, துணிவு இருந்தது, காடு இருந்தது. தோட்டா செய்யும் வழி மட்டும் இல்லை. அதனால்தான் அவர் காவல் நிலையத்துக்கே போக வேண்டியிருந்தது. அரசாங்கம் புரிந்துகொண்டது. மலைப்பகுதி நிலையங்களிலிருந்து ஆயுதங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியது. அடுத்தடுத்த தாக்குதல்களில் ராஜுவுக்கு வெறும் நிலையங்கள்தான் கிடைத்தன. மலபார் சிறப்புப் போலீஸும் அசாம் ரைபிள்ஸும் மலையைச் சுற்றி வளைத்தன. 1924 மே 7ஆம் தேதி அவர் பிடிக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதற்கு 120 ஆண்டுக்கு முன் பாஞ்சாலங்குறிச்சியில் அடித்துத் தகர்த்த கோட்டையை ஊரார் மறுபடி எழுப்பி, மறுபடி மருந்து செய்து, மறுபடி நின்றார்கள். ராஜு போராடிய ரம்பா மலையில் அப்படி நிற்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் வீரம் ஒன்றே. நடுவில் வந்தது பித்தளைத் தோட்டா.

மார்ட்டினிக்குப் பிறகு கருமருந்தின் காலமும் முடிந்தது. புகையில்லாத கார்டைட் வந்தது. அதைச் செய்ய நீலகிரியில் அரவங்காட்டில் எழுந்த தொழிற்சாலை 1904இல் உற்பத்தியில் இறங்கியது. அந்தக் கதை அடுத்த இதழில்.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், பழைய வடஆற்காடு ஊர்களில் பல வீடுகளின் பழைய பெட்டியில் தாத்தா காலத்துத் துப்பாக்கி லைசென்ஸ் தாள்கள், கச்சேரி நோட்டீஸ்கள், படையிலிருந்து ஓய்வுபெற்ற சான்றுகள் இன்னும் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் ஆண்டையும் பின்னால் குறித்து, பக்கத்து நூலகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ கொடுத்துவையுங்கள். 8ஆம் குதிரைப்படையில் இருந்தவர்களின் வாரிசுகள் ஆற்காடு, வேலூர்ப் பக்கம் இருந்தால், வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடாமலே இந்தத் தொடரில் சேர்த்துக்கொள்கிறேன்.